மடி ஆச்சாரம்

"தொடாதேடி! தள்ளிப் போ!"

சத்தத்தில் படிக்கட்டே அதிர்ந்தது. கையில் சந்தேஷ் இனிப்போடு ஓடிவந்த நாலு வயது மேக்னா பாதியில் நின்றாள். உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தாள்.

கத்தியவர் சேஷாத்ரி. பேட்டரி ஃபாக்டரி ஒன்றில் வேலை. கல்கத்தா டாக்குரியாவில் அந்தக் கட்டடத்தில் தமிழ் பேசும் வீடுகளே இரண்டுதான். கீழே தனிக்கட்டையாக சேஷாத்ரி. மாடியில் மேக்னாவின் அப்பா உத்தமன், அலிப்பூரில் மத்திய அரசு ஆபீஸில் வேலை பார்ப்பவர்.

அழுகை கேட்டு உத்தமன் தடதடவென்று இறங்கி வந்தார்.

"ஏன் சார், பச்சப்புள்ள ஆசையா இனிப்பு கொண்டாந்து குடுக்குது. தொட்டா என்ன, ஒட்டிக்கவா போகுது?"

சேஷாத்ரி சுவரோரமாக ஒடுங்கிக்கொண்டு கொல்லைப்புறக் குழாயடிக்குப் போய்விட்டார்.

"கல்கத்தாவுக்கு வந்தாலும் இவுங்க மடி ஆச்சாரம் கூடவே டிக்கெட் எடுத்துட்டு வந்துரும்" என்றார் உத்தமன், அவர் காதில் விழும்படியாகவே.

பார்த்தவர் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். வேலையிலிருந்து வந்தால், மார்கழிக் குளிரானாலும் குழாயடியில் தலைமுழுகாமல் சேஷாத்ரி வீட்டுக்குள் கால் வைக்க மாட்டார். எல்லார் வீட்டுத் துணியும் துவைக்கிற மாலதியிடம் ஒரு கைக்குட்டையைக்கூடப் போட்டதில்லை. லோக்கல் ரயிலில் இடம் காலியாகக் கிடந்தாலும் கதவோரம் நின்றுகொண்டுதான் வருவார். போன வருஷம் துர்கையைக் கரைத்துவிட்டு வந்து, பிஜோயா என்று ஆண்களெல்லாம் ஒருவரை ஒருவர் கட்டித் தழுவிக்கொண்டார்கள். இவர் மட்டும் எட்ட நின்று கும்பிட்டார்.

மனைவியும் மகளும் கும்பகோணத்தில். "இந்த மடிக்கு யாரு கூட இருப்பா?" என்று பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மற்றவர்களுக்கு அது வம்பு. உத்தமனுக்கு அது பழைய ரணம். அவர் அப்பாவுக்கு ஊர் டீக்கடையில் தனி கிளாஸ். குடித்துவிட்டு அப்பாவே அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததைப் பையனாகப் பக்கத்தில் நின்று பார்த்தவர். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

இந்த வருஷப் பூஜையும் முடிந்தது. பிஜோயா அன்று சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். உத்தமனின் மனைவி சாவித்திரி போய்த் திறந்தாள்.

சேஷாத்ரி! புது வேட்டி, புதுச் சட்டை. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார். கையில் ரசகுல்லாப் பானை.

"ரிட்டயர் ஆயிட்டேம்மா. நாளைக்குக் கோரமண்டல்ல ஊருக்கு. உள்ள வரலாமா?"

"எங்க வீட்டுக்குள்ள வந்தா உங்க மடி என்ன ஆகுறது சார்?" என்றார் உத்தமன், குத்தலாக.

"மடி இல்லை சார். காரீயம்."

வாசலில் நின்றபடியே சொன்னார்.

"பேட்டரில அடைக்கிற பொடி. வாசனையே கிடையாது. காத்துல பறக்கறது கண்ணுக்கும் தெரியாது. துணில, தலைமயிர்ல, நகக்கண்ல உக்காந்துண்டு கூடவே வீட்டுக்கு வந்துடும். உள்ள போச்சுன்னா எலும்புல தங்கிடும். பெரியவாளுக்கு வயித்துவலி, சோகை. குழந்தைகளுக்கு மூளையையே கெடுத்துடும். ஃபாக்டரில குளிக்கிற ரூம் உண்டு. தண்ணிதான் வராது."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் சாவித்திரி.

"சொன்னா வீட்டைக் காலி பண்ணுன்னுடுவாளோன்னு பயம். மடின்னே நினைச்சுக்கட்டும், குழந்தைகள் கிட்ட வராம இருந்தாச் சரின்னு விட்டுட்டேன்."

ரசகுல்லாப் பானையை வாசற்படியில் வைத்தார்.

"எனக்கு இதையெல்லாம் ஆரம்பத்துல யாரும் சொல்லலை. என் பொண்ணு, நான் வந்ததும் ஓடிவந்து காலைக் கட்டிப்பா. வேலைத் துணியோடவே தூக்கிக் கொஞ்சியிருக்கேன். இப்ப அவளுக்கு இருபத்திரெண்டு வயசு. இன்னும் தானாத் தலை பின்னிக்கத் தெரியாது."

சாவித்திரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உத்தமன் எழுந்து நின்றுவிட்டார். என்னென்ன பேசிவிட்டோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"வேலைத் துணியெல்லாம் ஃபாக்டரிலயே தலைமுழுகியாச்சு. இது எல்லாம் புதுசு." சேஷாத்ரி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தார். "மனுஷாளைத் தொட்டு வருஷக்கணக்காச்சு சார். இன்னிக்கு பிஜோயா. உங்களை ஒரு தடவை கட்டிக்கணும். குழந்தையை ஒரு நிமிஷம் தூக்கிக்கணும். அவ்வளவுதான்."

"ஜேட்டு!"

வங்காளத்தில் பெரியப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டுக்கொண்டு மேக்னா அந்தக் கைகளை நோக்கி ஓடினாள்.

உத்தமன் எட்டி அவள் தோளைப் பிடித்து இழுத்தார். தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டார். சேஷாத்ரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நீங்க பெரிய மனுசன் சார். ரொம்பப் பெரிய மனுசன்."

விரித்த கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் சேஷாத்ரி நின்றார்.

உத்தமன் மனைவி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார்.

"சாருக்குத் தண்ணி குடு. நம்ம டம்ளர் வேணாம். தயிர் வாங்கின மண் குவளை இருக்குல்ல, அதுல ஊத்து. குடிச்சதும் தூக்கிப் போட்டுரலாம்."