வேகத்தடை

மூன்று கிலோமீட்டர் செம்மண் பாதைக்குத் தார் போட்டால்தான் பால் வண்டி ஊருக்குள் வரும். அதுவரை கேனைத் தலையில் சுமந்து பெரிய ரோட்டுக்கு நடக்க வேண்டும்; வெயில் ஏறிவிட்டால் பாதிப் பால் திரிந்துவிடும். பத்து வருஷமாக மனு கொடுத்துவந்த பெண்கள் இந்த மாதம் கொடுக்கவில்லை. ஆளுக்கு ஒரு சட்டி சிமெண்ட் கொண்டுவந்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரே, அந்த மண் பாதையின் குறுக்கே வேகத்தடை கட்டினார்கள். வெள்ளைக் கோடும் அடித்தார்கள். கோடு காயும்வரை ஆடுகள் மிதிக்காமல் ஒருத்தி குச்சியோடு காவல் இருந்தாள்.

செய்தி கேட்டு ஜீப்பில் வந்த பொறியாளர் இறங்கி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ரோடே இல்லாத ஊருக்கு ஸ்பீடு பிரேக்கர் எதுக்கும்மா?"

பால் சங்கத் தலைவி அழகுதாய் கேனைக் கீழே இறக்கினாள்.

"ரோடு போட்டா வண்டி பறக்கும்லா சார். பிள்ளைங்க அடிபட்ட பொறவு கட்டணுமாக்கும்?"

"ரோடு போடுறோம்னு யாரு சொன்னா?"

"எங்க பங்கு வேலைய நாங்க முடிச்சிட்டோம் சார். மிச்சம் உங்க பாடு."

அவர் ஜீப்பில் ஏறிக்கொண்டார். வண்டியைத் திருப்ப வேகத்தடைக்கு அந்தப் பக்கம்தான் இடம் இருந்தது.

"வேகமா எடுப்பா."

ஓட்டுநர் வேகமாகத்தான் எடுத்தார். வெள்ளைக் கோட்டைக் கண்டதும் கால் தானாக பிரேக்கை மிதித்தது. ஜீப் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது.

கூடவே நடந்த அழகுதாய் ஜன்னலோரம் குனிந்தாள்.

"பாத்தீங்களா சார், வேலை செய்யுது."