நடுமேடைத் தூண்

“மேடைக்கு நட்டநடுவுல தூணா? பாக்க வர்றவங்க என்னைத்தான் திட்டுவாங்க மேடம்” என்றார் இயக்குநர்.

அரங்கம் வடிவமைத்த பெண் முன்பு கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவள். “எதையும் தாங்காத தூணை நான் வச்சதே இல்ல சார்.”

“இது வெறும் பிளைவுட். மேல கூரையே இல்ல. எதைத் தாங்குதாம்?”

அவள் சிரித்து மழுப்பினாள். இயக்குநருக்கு அதைவிடப் பெரிய தலைவலி இருந்தது. கதாநாயகனாக நடிக்கும் மூத்த நடிகருக்கு, காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து வசனம் மனதில் நிற்கவில்லை. இன்று ஓர் இடத்தில் தடுமாறினாலும் நாளை வேறு ஆள்தான் என்று இயக்குநர் அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தார்.

அன்று மாலை அரங்கேற்றத்தில் நடிகர் ஓர் எழுத்தும் பிசகவில்லை. தூணில் சாய்ந்து பேசினார், அதைச் சுற்றி வந்தார், கடைசியில் அதிலேயே நெற்றியை முட்டிக்கொண்டு அழுதார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

திரை விழுந்ததும் இயக்குநர் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “பின்னிட்டீங்கண்ணே. எப்படிண்ணே?”

நடிகர் தூணை இரண்டு தட்டு தட்டினார். பின்பக்கம் ஒரு கதவு திறந்தது. கையில் நாடகப் பிரதியும் டார்ச்சுமாக, வியர்வையில் தொப்பலாக நனைந்து, அவருடைய மனைவி வெளியே வந்தார்.

“இவதான் சொல்லிக்கொடுத்தா. இவளுக்கு இடம் கொடுத்தது அந்தப் பொண்ணு” என்று நடிகர் வடிவமைப்பாளரைப் பார்த்துக் கைகூப்பினார்.

இயக்குநர் தூணுக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு முக்காலி இருந்தது. உள்ளே அனலடித்தது.

“மேடம்” என்றார், தலையை வெளியே எடுத்து. “நாளைக்கு அண்ணிக்கு உள்ள ஒரு ஃபேன் வச்சிடுங்க. சத்தம் வராததா பாத்து வைங்க.”