பேயே இல்லாத விளையாட்டு

ஹாலோவீன் நெருங்கினால் தெரிந்தவர்களுக்கெல்லாம் பேய் கேம் சிபாரிசு செய்வது நான்தான். பெரிய கம்பெனிகளுடையது அல்ல. யாரோ ஒருவர் தனியாக உட்கார்ந்து செய்த சின்ன விளையாட்டுகள். என் தங்கை பயந்தாங்கொள்ளி. கரப்பான்பூச்சியைக் கண்டாலே வீட்டை அதற்கு எழுதிக் கொடுத்துவிடுவாள். அதனால் அவளுக்குப் பேயே இல்லாத ஒன்றை அனுப்பினேன். இரண்டு பேர் ஆடுவது. ஒருவர் வெளியே நின்று கதவைத் தட்ட வேண்டும். மற்றவர் உள்ளிருந்து திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

மதியம் என் வீட்டிலிருந்து ஆடத் தொடங்கினேன். பட்டனை அழுத்தினால் திரையில் ஓர் உருவம் கதவைத் தட்டும். தட்டினேன். திறக்கவில்லை. தட்டிக்கொண்டே இருந்தேன். அவளிடமிருந்து போன் வந்தது.

"அண்ணா, இங்க இன்னும் பாதிகூட டவுன்லோட் ஆகல. அதுக்குள்ள வாசல்ல யாரோ விடாம தட்டுறாங்க. இரு, பாத்துட்டு வரேன்."

பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். போனில் கேட்ட தட்டல் நின்றது.

"திறக்காதே!"

"போண்ணா, உன் கேமை விட நீதான் பயமுறுத்துற."

தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. என் திரையில் கதவு திறந்தது.

"யாரையும் காணோமே," என்றாள்.

என் கைகள் மடியில் இருந்தன. திரையில், இதுவரை தட்டிக்கொண்டிருந்த உருவம் தானாகவே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.