பதினாலும் கள்ள நோட்டு

"கள்ள நோட்டு! பதினாலும் கள்ள நோட்டு!"

கூண்டுக்குள்ளிருந்து ஜபார் போட்ட சத்தத்தில், பிஷ்கேக்கின் காசு மாற்றும் வீதியே திரும்பிப் பார்த்தது.

சனோபருக்குக் காது மடலெல்லாம் சுட்டது. "என்னய்யா சொல்றே? நல்லாப் பாரு!"

"பார்த்துட்டுத்தான் சொல்றேன். பேச்சைக் கேட்டா நமங்கான் பக்கம் மாதிரி இருக்கு. இந்தக் குப்பையை மாத்தவா எல்லை தாண்டி வந்தே? அடுப்புல போட்டாக்கூட ஒழுங்கா எரியாதும்மா!"

நோட்டுகளை அப்படியே திருப்பித் தள்ளினான். நோட்டைச் சோதிக்கும் மெஷினில்கூட வைத்துப் பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் விரலால் தடவினான், அவ்வளவுதான்.

பதினாலும் நூறு டாலர் நோட்டு. புருஷன் ரஷ்யாவில் ஒன்றரை வருஷம் சிமெண்ட் குழைத்து அனுப்பியது. இரண்டு பழைய தையல் மெஷின் வாங்கிப் போட்டுவிட்டால் அந்த மனுஷன் இனிமேல் ஊரோடு இருக்கலாம். அதற்காகத்தான் மூன்று வண்டி மாறி வந்திருந்தாள்.

ஓரம் மடங்கியிருந்தாலே விலையைக் குறைப்பார்கள் என்று, கிளம்புகிற அன்று நோட்டுகளைத் துணிக்கு அடியில் வைத்து இஸ்திரி போட்டாள். கெட்டி அட்டைப் புத்தகத்துக்குள் செருகி, கோட்டுக்குள்ளே நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "ஒரு சுருக்கம் காட்டு பார்ப்போம்!" என்று வேனில் பக்கத்து சீட்டுக்காரனிடம் பெருமையாக விரித்துக்கூடக் காட்டினாள்.

அந்தப் பக்கத்து சீட்டுக்காரன்தான் இப்போது அவள் தோளை ஒட்டி நின்றான். தோல் ஜாக்கெட், சிரித்த முகம். வேனை விட்டு இறங்கியதுமே, "புது ஊர்ல தனியா அலையாதீங்கக்கா, ஏமாத்திடுவாங்க" என்று அவள் துணிப்பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே வந்த நல்ல பிள்ளை.

"தம்பி, நீயாவது சொல்லேன்!"

அவன் வாயைத் திறப்பதற்குள் ஜபார் மறுபடியும் கத்தினான்.

"அவன் என்ன சொல்றது? எதிரே பாரு, பேங்க். வாசல்ல போலீஸ்காரர் நிக்கிறார். தைரியம் இருந்தா உள்ளே போய் நீட்டு. வாங்கிட்டாங்கன்னா நான் மீசையை எடுத்துடறேன்!"

"போறேன்யா! அந்தப் போலீசையே கூட்டிக்கிட்டு வர்றேன்!"

திரும்பினால் தோல் ஜாக்கெட்டைக் காணோம். துணிப்பை மட்டும் தரையில் கிடந்தது.

பாவம், கூட வந்த குற்றத்துக்கு அவனுக்கும் தலைகுனிவு. சனோபருக்கு அழுகை முட்டியது. பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தெருவைக் கடந்தாள்.

தையல் மெஷின் வாங்க வந்ததைச் சொல்லி நீட்டினாள். பேங்க்கில் இருந்த பெண் பதினாலையும் மெஷினில் ஓட்டினாள். ஒன்றுகூட ஒதுங்கவில்லை.

"இஸ்திரி போட்டீங்களாக்கா?" என்று சிரித்தாள். "எவ்வளவு சுத்தமா இருக்கு! மாத்தின பணத்தை மெஷின் கடைக்கு இங்கிருந்தே கட்டிடுங்க. கையில தூக்கிக்கிட்டு அலையாதீங்க."

கட்டினாள். கடைக்குப் போய் இரண்டு மெஷினையும் ஓட்டிப் பார்த்தாள். வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு நேரே காசு மாற்றும் வீதிக்கு வந்தாள். ரசீதை அந்த ஆள் மூஞ்சியில் விட்டெறியாமல் ஊருக்குப் போனால் தூக்கம் வராது.

ஜபார் வெளியே குந்தி உட்கார்ந்திருந்தான். கூண்டின் முன்பக்கக் கண்ணாடி தரையெல்லாம் நொறுங்கிக் கிடக்க, அதைப் பெருக்கிக்கொண்டிருந்தான். கட்டைவிரலில் கைக்குட்டை சுற்றியிருந்தது. கைக்குட்டை சிவந்திருந்தது.

"பார்த்தியா? அல்லா உடனே கேட்டுட்டான்!" என்றாள் சனோபர். "பொம்பளை வயித்தெரிச்சல் சும்மா விடுமா? இந்தா ரசீது. மீசையை எப்போ எடுக்கறே?"

ஜபார் ரசீதை வாங்கி நிதானமாகப் படித்தான்.

"நல்ல ரேட்டுதான். நானே இவ்வளவு தந்திருக்க மாட்டேன்," என்றான். "கொஞ்சம் தள்ளி நில்லும்மா, செருப்புல கண்ணாடி ஏறிடும்."

"பேச்சை மாத்தாதே! அத்தனை பேர் முன்னாடி என்னைக் கள்ளி ஆக்கினியே!"

பக்கத்துக் கூண்டிலிருந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த அனார்குல் தலையை வெளியே நீட்டினாள்.

"அக்கா, உங்ககூட ஒரு தோல் ஜாக்கெட் வந்தானே? அவன்தான் கல்லை விட்டெறிஞ்சுட்டுப் போனான்."

"அந்தப் பிள்ளையா? எதுக்கு?"

"பிள்ளையா! டாலரை நீங்க நெஞ்சோட வெச்சிருந்தீங்க. உள்ளூர் காசா மாத்தினா கட்டுக் கட்டா வரும், பையிலதானே போடணும்? பை யார் தோள்ல இருந்துச்சு?"

சனோபரின் கை தன்னாலே துணிப்பையை இறுக்கிக்கொண்டது.

"அப்போ… இவரு காதோட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"அவன் உங்க தோள்லயே மோவாயை வெச்சுக்கிட்டு நின்னானே, எந்தக் காதுல சொல்றது? நீங்க பேங்க்லேருந்து சிரிச்சுக்கிட்டே வந்தீங்க பாருங்க, அப்பத்தான் அவனுக்கே விஷயம் புரிஞ்சுது."

ஜபார் எதுவும் காதில் விழாதவன் மாதிரி சில்லுகளை அள்ளி வாளியில் போட்டுக்கொண்டிருந்தான்.

"இந்த வருஷம் மட்டும் நாலு பேரைப் பார்த்துக் கள்ள நோட்டுன்னு கத்திட்டாரு இந்த மனுஷன்," என்று விதைத் தோலைத் துப்பினாள் அனார்குல். "இது நாலாவது கண்ணாடி."