அகரவரிசையில் கடைசி மூன்று பேர்

"உலகத்துல துரோகம் பண்ணத் தெரியாத ஒரே ஜீவன் கம்ப்யூட்டர்தான் சார்" என்று கணினிப் பிரிவுத் தலைவர் அறிவித்தார்.

ஜீவனா என்று கேட்க மேலாளருக்குத் தெம்பில்லை. தொலைவிலுள்ள கிளைக்கு மூன்று பேரை மாற்றியாக வேண்டும். அலுவலகத்தின் இருபது பேரில் பெரும்பாலானோர் காலையிலிருந்து அவர் அறை வாசலில் முறை வைத்து அழுதுகொண்டிருந்தார்கள்.

"பேசாம நானே கையால ஒரு பட்டியல் எழுதிடவா?"

"கையாலயா? அது சீட்டுக் குலுக்குற வேலை சார். இங்கிலீஷ் அகரவரிசையில அடுக்குவோம். கடைசி மூணு பேர் கிளம்பட்டும். எவனும் வாயத் திறக்க முடியாது."

நியாயத்தின் மேல் பிரிவுத் தலைவருக்கிருந்த இந்தப் பற்றுக்குக் காரணம் உண்டு. மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். தன் கணினியில் முன்கூட்டியே ஐந்து முறை அடுக்கிப் பார்த்திருந்தார். ஷிஃப்ட் விசையைத் தொடுவது நேர விரயம் என்று சின்ன எழுத்திலேயே அடித்து வைத்திருந்த அவர் பெயர், ஐந்து முறையும் முதலில் வந்தது.

மாலையில் அலுவலகத்தின் பொதுக் கணினியான சர்வரில் அடுக்கி, அச்சடித்து ஒட்டியவன் மனைவியின் தம்பி. அவர் சிபாரிசில் அதே பிரிவில் சேர்ந்தவன். பட்டியலில் அவர் பெயர் இருபதாவது.

"கூட இருந்தே குழி பறிச்சிட்டியேடா மச்சான்! உங்கக்கா மூஞ்சில எப்படிடா முழிப்ப?"

"கத்தாதீங்க மாமா. அதே ஃபைல், அதே கட்டளை. உங்க மெஷின்ல மொழி செட்டிங் இங்கிலீஷ். பெரிய எழுத்து, சின்ன எழுத்து ரெண்டையும் ஒண்ணாப் பாக்கும். சர்வர்ல இருக்கிறது மொழியே இல்லாத செட்டிங். பெரிய எழுத்துல ஆரம்பிக்கிற பேரெல்லாம் முடிஞ்ச பிறகுதான் சின்ன எழுத்து. அப்படி இருக்கிறது உங்க ஒருத்தர் பேருதான்."

"சர்வர்ல அந்த செட்டிங்க வச்சவன் எவன்? அவனச் சும்மா விடமாட்டேன். துரோகி!"

மைத்துனன் சர்வரின் மாற்றப் பதிவேட்டைத் திறந்து, திரையை அவர் பக்கம் திருப்பினான். போன மாதத் தேதி. 'இப்படி வைத்தால் சீக்கிரம் அடுக்கும்' என்றொரு குறிப்பு. மாற்றியவர் என்ற இடத்தில் அவர் பெயர்.

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மேலாளர் அறை வாசலில் மிச்சமிருந்த இரண்டு பேருக்குப் பின்னால் போய் நின்றார். முறை வந்தது.

"சார்... கையாலயே எழுதிடுங்களேன்."