ஒரு நாள் வட்டி

"ஒருநாள் வந்துட்டார்" என்று கிசுகிசுத்தார் கேஷியர்.

நிமிர்ந்து பார்த்தேன். கழுத்தில் அளவு டேப்போடு தையல்காரர் மேனேஜர் அறைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். இது ஒன்பதாவது தடவை.

'ஒருநாள்' என்பது பேங்கில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர். அவருடைய டெபாசிட் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. எங்களுக்கு விடுமுறை. மறுநாள் திங்கட்கிழமை கம்ப்யூட்டர் அதைப் புதுப்பித்துவிட்டது. நடுவில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் வட்டி விழவில்லை. அதைக் கேட்டுத்தான் மூன்று மாதமாக நடையாய் நடக்கிறார்.

டெபாசிட்டே எங்கள் பேங்கில் போடக்கூடிய மிகக் குறைந்த தொகை. அதற்கு ஒரு நாள் வட்டி என்றால் அரை டீக்குக் கூடக் காணாது.

மேனேஜர் அறைக் கதவு திறந்தே கிடந்தது. எங்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"மாஸ்டர், நீங்க இங்க வந்து போற நேரத்துல ரெண்டு சட்டை தைச்சிருக்கலாம்."

"மூணு தைச்சிருப்பேன் சார்."

"அப்புறம் ஏன் இப்படி?"

"நான் தைச்ச சட்டைல ஒரு பட்டன் இல்லேன்னா, ஒரு பட்டன்தானேன்னு விட்டுட்டுப் போவீங்களா?"

மேனேஜர் பல்லைக் கடித்தார். அவர் பாடு அவருக்கு. தலைமை அலுவலகத்துக்குத் தையல்காரர் அனுப்பியிருக்கும் புகார் வெள்ளிக்கிழமைக்குள் முடியவில்லையென்றால் அவருடைய பதவி உயர்வு அம்போதான். பர்ஸைத் திறந்து ஒரு நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தாங்க. நூறு நாள் வட்டி இருக்கும். புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

தையல்காரர் நோட்டைத் தொடவில்லை.

"உள்ள வைங்க சார். அது உங்க வீட்டுக் காசு. எனக்குப் பேங்க்தான் தரணும். இல்ல, ஏன் தரலேன்னு பேங்க் எழுதிக் குடுக்கணும்."

"கம்ப்யூட்டர் போட்ட கணக்கு மாஸ்டர் அது."

"கம்ப்யூட்டருக்கும் ஞாயித்துக்கிழமை லீவா சார்?"

கேஷியருக்குப் புரையேறியது.

அவர் படியிறங்கியதும், "கஞ்ச மகாபிரபு போறார், வழி விடுங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பேங்கைப் பெருக்கித் துடைத்து, எங்களுக்கு டீ வாங்கி வருகிறவர் அக்கா. காண்ட்ராக்ட் வேலை. நீல யூனிஃபார்மில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது, போனது. தையல்காரர் கையெழுத்துப் போடவில்லை.

அடுத்த மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. படித்த மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தையல்காரர் சொன்னதுதான் சரி. விடுமுறை நாளில் முடிந்த டெபாசிட்டுகள் எல்லாவற்றிலும் கம்ப்யூட்டர் அந்த நாளை விழுங்கியிருந்தது. ஏழு வருஷமாக, எல்லாக் கிளைகளிலும். அத்தனை பேருக்கும் திருப்பிக் கொடுக்கச் சொல்லி உத்தரவு. எங்கள் கிளைக்கு மட்டும் பட்டியல் நாற்பது பக்கம். வருஷா வருஷம் வந்த ஆடிட்டர்கள் யார் கண்ணிலும் படாதது அது.

அன்று தையல்காரர் வந்தபோது மேனேஜர் எழுந்து நின்றார். நாங்களும் அறை வாசலில் கூடிவிட்டோம்.

"மாஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கணும்." மேனேஜர் அவருடைய பழைய டெபாசிட் விண்ணப்பத்தை எடுத்து வைத்தார். "எல்லாரும் ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு எழுதுவாங்க. நீங்க நானூத்தி மூணு நாள்னு எழுதியிருக்கீங்களே, அது என்ன கணக்கு?"

தையல்காரர் கூச்சத்தோடு கழுத்து டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நான் பணம் போட்டது ஒரு புதன்கிழமை சார். அங்கேருந்து நானூத்தி மூணு நாள் எண்ணினா, ஞாயித்துக்கிழமைல வந்து விழும்."

ஒரு நாள் வட்டி தன் கையைவிட்டுப் போகவேண்டும் என்பதற்காகவே பதின்மூன்று மாதம் காத்திருந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அப்போ முன்னாடியே தெரியுமா? வந்து சொல்லியிருக்கலாமே" என்றார் மேனேஜர், மெல்லிய குரலில்.

"என் காசு போகாம நான் எப்படி சார் கேக்கிறது? காசு போனவங்க கேக்க முடியாத இடத்துல இருந்தாங்க. யூனிஃபார்ம் தைக்கக் குடுக்க வந்தப்ப பாஸ்புக்கைக் காட்டினாங்க. ஒரு தடவை கேட்டுப் பாத்தாங்களாம், சிரிச்சு அனுப்பிட்டாங்களாம். மறுபடி கேட்டா பொழப்பு போயிடும்னு பயம்."

"யாரு மாஸ்டர் அது?"

"பேரு வேண்டாம் சார். கிடைக்க வேண்டியது கிடைச்சிடுச்சு. அது போதும்."

அந்த நேரத்தில் அக்கா டீயோடு உள்ளே வந்தார். எப்போதும் மேனேஜருக்கு வைக்கும் முதல் டம்ளரை, தையல்காரர் முன்னால் வைத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்துகூடப் பார்த்துக்கொள்ளவில்லை.

என் கையிலிருந்த பட்டியலில் அக்காவின் பெயருக்கு எதிரே இருபத்து மூன்று நாள் என்று அச்சாகியிருந்தது.

இரண்டு வருஷம் முன்பு, துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்துவிட்டு, பாஸ்புக்கை என் கவுன்ட்டரில் நீட்டி, "ஒரு நாள் குறையுது போலிருக்கே சார்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டவரை, "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணுமா அக்கா?" என்று சிரித்து அனுப்பியவன் நான்தான்.