இரண்டாவது ஓட்டு

வருமான வரி கட்டுகிறவனுக்கு இரண்டு ஓட்டு தருவதுதானே நியாயம் என்று வாக்குச்சாவடி வரிசையில் எல்லோரையும் கேட்டுக்கொண்டே வந்த நான், வீசிய கையால் மேசையிலிருந்த மைக்குப்பியைத் தட்டிவிட்டேன். இடது கை முழுக்க ஊதாவாகிவிட்டது.

"ஏற்கெனவே மை இருக்கே சார், எப்படி விடுறது?" என்றார் அதிகாரி.

இரண்டு கேட்டவனுக்கு ஒன்றும் இல்லை.

அப்போது, வருமான வரியே கட்டாத அந்த வரிசை எனக்குப் பின்னால் கையைத் தூக்கியது. "அவரு இன்னும் போடல."

வாசலைத் தாண்டி, வெயிலில், என்னைப் பார்த்தே இராதவர்களின் கைகளும் உயர்ந்துகொண்டே போயின.

அதிகாரி வழிவிட்டார். இடுப்பில் குழந்தையோடு பின்னால் நின்ற பெண் மெதுவாகச் சொன்னாள்:

"ரெண்டெல்லாம் தரமாட்டோம்ணே. இருக்கிற ஒண்ணப் பறிக்கவும் விடமாட்டோம்."